வாட்ச் செயினில் பொன்நிறம் போய்விட்டது: முலாம் பூசவா, மாற்றவா?

கேள்வி: என் தாய்மாமா கட்டியிருந்த வாட்ச் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1960களில் வந்த சுவிஸ் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். சர்வீஸ் செய்த பிறகு நன்றாக ஓடுகிறது. டயலும் கேஸும் வயதுக்குத் தக்கபடி நன்றாகவே இருக்கின்றன. செயின்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பொன்நிறம் வெளுத்து, கண்ணிகளின் ஓரத்தில் செம்பழுப்பாகத் தெரிகிறது. கொக்கிப் பக்கம் பச்சை பிடித்திருக்கிறது. தொளதொளவென்று ஆடுகிறது, கை முடியைப் பிடித்து இழுக்கிறது. ஒரு வாரம் கட்டியதில் மணிக்கட்டில் அரிப்பும் வந்துவிட்டது. ஒரு கடையில் முலாம் பூசினால் புதிதாகிவிடும் என்கிறார்கள். இன்னொரு கடையில், 'தூக்கிப் போடுங்கள், வேறு செயின் மாட்டித் தருகிறேன்' என்கிறார்கள். கொக்கியின் உள்பக்கம் '1/20 12கே ஜி.எஃப்.' என்று பொறித்திருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். எதைச் செய்ய?

பதில்: முதலில் அரிப்பைக் கவனிப்போம். இன்றிலிருந்து அந்தச் செயினைக் கட்டாதீர்கள். மேலே இருந்த பொன் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள பித்தளை நேராகத் தோலில் படுகிறது. பித்தளையில் உள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்துதான் நீங்கள் பார்த்த பச்சை உண்டாகிறது. அதைவிடத் தொல்லை நிக்கல். பழைய செயின்களின் கொக்கி, பின், ஸ்பிரிங் என்று எங்காவது அது இருக்கும்; பொன்னுக்கு அடியிலும் ஒரு பூச்சாக இருக்கலாம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அரிப்பு நின்ற பிறகு பழையபடி கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தடிப்பு ஆறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாட்சைக் கட்டாமல் இருக்க மனசு வராதென்றால் தற்காலிகமாக ஒரு தோல் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தோல் பட்டையைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு கடைக்காரர்களுமே நிறத்தை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். நான் கண்ணிகளை இணைக்கும் மூட்டுகளைத்தான் பார்ப்பேன். வாட்சின் தலையை (செயின் நீங்கலான கடிகாரப் பகுதியை) கையில் பிடித்து, செயினைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். கண்ணிகளின் விளிம்பு மேலே பார்த்தபடி இருக்கட்டும். மூட்டு இறுக்கமாக உள்ள செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. புதிதில் அங்கே இடைவெளியே இருந்திருக்காது. இத்தனை வருடம் உரசி உரசிப் பின்னும் அதன் துளையும் தேய்ந்து உண்டான வெளி அது. அந்த வெளியில்தான் உங்கள் கை முடி சிக்குகிறது. முலாம் எவ்வளவு தடிமனாகப் பூசினாலும் இந்த இடைவெளி அடையாது.

அடுத்து, அந்த முத்திரை. 'ஜி.எஃப்.' (கோல்டு ஃபில்டு) என்றால் மின்முலாம் பூசிய செயின் அல்ல. பித்தளைத் தகட்டின் மேல் பொன் தகட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு மெல்லியதாக்கிச் செய்த தகடு. '1/20' என்பது அந்தத் தகட்டின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு பொன் கலவை என்று சொல்கிறது. '12கே', அதாவது 12 காரட் என்றால் அந்தக் கலவையிலும் பாதிதான் தங்கம். ஆக, சுத்தத் தங்கம் நாற்பதில் ஒரு பங்கு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் மின்முலாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் நின்றுவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்படி உருட்டிச் செய்த தகட்டில் பொன் பத்து மைக்ரானையும் தாண்டி நிற்கும். அதனால்தான் உங்கள் செயின் அறுபது வருடம் தாக்குப்பிடித்து, இப்போதும் கண்ணிகளின் நடுப்பகுதியில் மஞ்சளாக இருக்கிறது.

அந்த முத்திரை இன்னொன்றையும் சொல்கிறது. '1/20 12கே' என்று பின்னத்தில் எழுதுவது அமெரிக்கச் செயின்காரர்களின் வழக்கம். அங்கே ஸ்பைடெல், ஜேபி சாம்பியன், கிரைஸ்லர் என்று செயின் மட்டுமே செய்து விற்ற கம்பெனிகள் பல இருந்தன. சுவிஸ் தொழிற்சாலைகள் பொன் கனத்தைப் பெரும்பாலும் '10 மைக்ரான்', '20 மைக்ரான்' என்று பொறிப்பார்கள். அந்தக் காலத்தில் ஏராளமான வாட்சுகள் தோல் பட்டையோடு வந்தன. வாங்கியவர் தனக்குப் பிடித்த செயினைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார். உங்கள் மாமாவும் அப்படித்தான் மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். எனவே 'கம்பெனிச் செயினைக் கழற்றினால் வாட்சின் மதிப்புப் போய்விடுமோ' என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். இது மாமாவின் செயின் என்பதால் உங்களுக்கு மதிப்பு. அது வேறு கணக்கு, அதை நானும் மதிக்கிறேன்.

எந்த முடிவுக்கும் முன்னால் செயினைக் கழுவிப் பாருங்கள். வெளுத்துவிட்டது என்று என்னிடம் வரும் செயின்களில் பல வெறும் அழுக்கு. தலையிலிருந்து செயினைக் கழற்றிவிட வேண்டும். பழைய வாட்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. கழற்றும்போது கேஸின் கொம்புகளில் (லக் என்பார்கள்) டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கருவி வழுக்கினால் கீறல் விழாது. உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்தால் தெறிக்கும் ஸ்பிரிங் பார் (செயினைக் கொம்புகளோடு பிணைக்கும், ஸ்பிரிங் வைத்த சிறு கம்பி) கட்டிலுக்கு அடியில் போகாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டு, கால்மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். இடுக்கில் இருக்கும் பச்சையை மரப் பல்குச்சியால் நெம்பி எடுங்கள், ஊசி வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். மடித்த கண்ணிக்குள் தங்கும் ஈரம் அடுத்த பச்சைக்கு விதை.

பற்பசை, எலுமிச்சை, வினிகர், வெள்ளிப் பாத்திரத்துக்கு விற்கும் திரவம் எதுவும் வேண்டாம். பற்பசையில் இருக்கும் பொடி மெல்லிய பொன்னை அறுக்கும். அமிலம் தேய்ந்த இடம் வழியாக உள்ளே போய்ப் பித்தளையைத் தின்னும். வெளியே பளபளப்பாகத் தெரியும், உள்ளே பொன் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியும் இந்த நிலையில் ஆபத்துதான். தூக்கிய பொன்னை அது உரித்துவிடும்.

காய்ந்ததும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பள்ளம் மேடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் அது வெறும் கறுப்பு பிடித்ததுதான், பொன் போகவில்லை. 12 காரட் கலவையில் பாதி செம்பும் வெள்ளியும் என்பதால் காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். மென்மையான துணியால் பொறுமையாகத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். மேடுகளிலும் விளிம்புகளிலும் மட்டும் நிறம் மாறி, ஒரு கோடு போட்டதுபோல எல்லை தெரிந்தால் அங்கே பொன் இல்லை. உங்கள் படத்தில் கண்ணி ஓரங்களில் தெரிவது இந்த இரண்டாவது வகை. கொக்கியின் மேல்மூடி கறுத்து மட்டுமே இருக்கிறது என்று தோன்றுகிறது. கழுவினால் அது திரும்பி வரும்.

இப்போது முலாம். கடையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் வேலை பல படிகள் கொண்டது. மீதிப் பொன்னைக் கரைத்தோ தேய்த்தோ எடுப்பார்கள். கீறல் போக பஃபிங் போடுவார்கள், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவார்கள். மேலே செம்பு, அதற்கு மேல் ஒரு தடுப்புப் பூச்சு, கடைசியில் பொன். தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் அடியிலுள்ள செம்பு மெல்ல மெல்லப் பொன்னுக்குள் ஊறி மேலே வந்துவிடும்; முலாம் 'சிவந்துபோவது' பெரும்பாலும் இதனால்தான். அந்தத் தடுப்புக்கு வழக்கமாகப் போடுவது எது தெரியுமா? நிக்கல். உங்களுக்கு எது ஆகாதோ அதுவே.

இதில் எனக்குப் பெரிய உறுத்தல் பஃபிங். உங்கள் கண்ணிகள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. பஃபிங் சக்கரத்தில் அதன் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும், கோடு கோடாக உள்ள வேலைப்பாடு கரைந்துவிடும். நடுவில் இன்னும் நன்றாக இருக்கும் கனமான பொன்னைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு மைக்ரான் பொன்னைப் போடச் சொல்லிக் காசு கொடுக்கிறீர்கள். தளர்ந்த மூட்டு தளர்ந்தபடியே இருக்கும். உரசும் இடங்களில் அந்த ஒரு மைக்ரான் சீக்கிரமே போய்விடும். பேனா போன்ற கருவியால் தேய்ந்த இடத்தில் மட்டும் பூசித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. அது ஒரு மைக்ரான் கனம்கூட வராது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொருளுக்குச் சரி, கையில் கட்டுவதற்கு ஆகாது.

ஆகவே என் யோசனை: இந்தச் செயினுக்கு முலாம் வேண்டாம். தூக்கியும் போட வேண்டாம்.

இதையும் மீறி, 'ஒருமுறையாவது பொன்நிறமாகப் பார்க்க வேண்டும்' என்று மனம் கேட்டால் சில விஷயங்களைப் பேசி முடித்துவிட்டுக் கொடுங்கள். மூட்டு வேலை முதலில், முலாம் கடைசியில். மாறிச் செய்தால் பற்றவைக்கும் சூட்டில் புதுப் பொன் கருகும். திடமான கண்ணியாக இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கித் தடித்த பின் போடலாம், அல்லது துளைக்குள் சிறு குழாய் செருகிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். மடித்த தகட்டில் அதற்கு இடமில்லை. அழுத்தி இறுக்கிக் கொடுப்பார்கள்; கொஞ்ச காலம் நிற்கும், பிறகு தளரும், அல்லது மடிப்பில் விரிசல் விடும். முலாம் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். செயினுக்கு மூன்றுக்குக் குறைந்தால் நான் கொடுக்க மாட்டேன். நிக்கலுக்குப் பதில் பல்லேடியமோ வெள்ளை வெண்கலமோ போட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நிறத்தையும் சொல்ல வேண்டும். சுவிஸ் வழக்கில் பொன்நிறத்துக்கு 1என் முதல் 5என் வரை அளவு இருக்கிறது: 1என், 2என் வெளிர் மஞ்சள், 3என் நல்ல மஞ்சள், 4என் இளஞ்சிவப்பு, 5என் சிவப்பு. 'தங்கக் கலர்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அன்று தொட்டியில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். வாட்சின் தலையைக் கையோடு எடுத்துப்போய் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்படியும் அறுபது வயதுக் கேஸுக்குப் பக்கத்தில் நேற்றுப் பூசிய செயின் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதற்காகக் கேஸையும் பஃபிங் போடுகிறேன் என்பார்கள். கூடவே கூடாது.

வேறு செயின் வைத்திருக்கும் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இழுத்தால் நீளும் ஸ்பிரிங் செயினை (1959இல் வந்த ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ் வகையும் இதில் சேர்த்தி) முலாம் தொட்டியில் போடவே கூடாது. உள்ளே சிறுசிறு ஸ்பிரிங்குகள் இருக்கும். அங்கே புகுந்த திரவம் வெளியே வராது. ஸ்பிரிங் துருப்பிடித்து, பிறகு இடுக்குகளிலிருந்து கறை கசியும். 1970களுக்குப் பிறகு வந்த பொன்நிற ஸ்டீல் செயின்களில் பல வெற்றிடக் கலத்தில் டைட்டானியம் நைட்ரைடு படியவைத்தவை. அந்தப் பூச்சு மிகக் கடினம், சாதாரண முலாம் கடையில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. வெறும் ஸ்டீல் செயின் மங்கியிருந்தால் அதிர்ஷ்டம்: பூச்சே இல்லை என்பதால் தேர்ந்த கை பட்டால் பழைய மெருகு திரும்பும். கேஸோடு சேர்த்து வடிவமைத்த செயின் என்றால், ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் வெளிவந்த ராயல் ஓக் வாட்சைப் போல, மாற்றுச் செயின் என்ற பேச்சுக்கே வழியில்லை. என்ன செலவானாலும் மூட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் வாட்சுக்கு மாற்று என்று வந்தால் முதலில் கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ஸ்கேலில் பார்த்து 18 என்று எழுதாதீர்கள். அந்தக் காலத்து வாட்சுகளில் 17, 19 என்று ஒற்றைப்படை அளவுகள் சாதாரணம். ஒரு மில்லிமீட்டர் பெரிய தோல் பட்டையை அமுக்கி நுழைத்துவிடலாம், உலோகத்தை முடியாது. சிறியதைப் போட்டால் பக்கவாட்டில் ஆடி ஆடிக் கொம்பின் உள்பக்கத்தைத் தேய்த்துவிடும். செயினின் முனைக்கண்ணி கேஸின் வளைவோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஸ்டீல் முனை, மெல்லிய பொன் போர்த்திய கேஸை அரம் போல ராவும். இப்போது வரும் திடமான கனத்த செயின்கள் உங்கள் வாட்சின் மெல்லிய தலைக்குப் பாரம். கையில் கட்டினால் தலை ஒரு பக்கம், செயின் ஒரு பக்கம் என்று இழுக்கும். உலோகம்தான் வேண்டும் என்றால் மெல்லிய கம்பி பின்னிய மிலனீஸ் செயின் பொருத்தம். முனை நேராக இருப்பதால் வளைவுத் தகராறு இல்லை. பொன்நிறத்துக்குப் பொன்நிறம் தேடி அலைய வேண்டாம், ஒருபோதும் ஒத்துவராது. வாங்கும் முன் நிக்கல் விஷயத்தை மட்டும் கேட்டுவிடுங்கள்.

'ஒரிஜினல்' என்று சொல்லி விற்பவர்களிடம் நிதானம் தேவை. கம்பெனிப் பெயர் பொறித்த கொக்கியை எந்தச் செயினிலும் மாட்டிவிடலாம். பெரிய கம்பெனிச் செயின்களில் சரிபார்க்கக் குறிகள் உண்டு. பழைய ஒமேகா கொக்கிகளில் '2/68' என்பதுபோல இருக்கும்: 1968ஆம் வருடத்தின் இரண்டாம் காலாண்டு. ரோலெக்ஸ் 1976இலிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்து வைத்தது. முனைக்கண்ணியிலும் தனி எண் இருக்கும். கொக்கி, கண்ணி, முனை மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சொன்னாலும்கூட, அந்தச் செயினைச் செய்தது வாட்ச் கம்பெனியாகத்தான் இருக்கும் என்றில்லை. ஜெனிவாவின் கே ஃப்ரேர் என்ற செயின் கம்பெனி எத்தனையோ பேர்பெற்ற வாட்சுகளுக்குச் செயின் செய்து கொடுத்தது. 1998இல்தான் ரோலெக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. உங்கள் வாட்சுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையே இல்லை. மாமாவே வெளிச் செயின் போட்டிருக்கும்போது நீங்கள் பெயர் பொறித்த கொக்கிக்காகப் பணத்தைக் கொட்டுவானேன்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தோல் பட்டைதான் போடுவேன். ஒல்லியானது, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குள். கொக்கிப் பக்கம் போகப்போகக் குறுகுவது. பஞ்சு வைத்துத் தடித்த பட்டை இந்த மாதிரி வாட்சின் அழகைக் கெடுத்துவிடும். வெளிர் டயலும் பொன் கேஸும் என்பதால் அடர்பழுப்பு நன்றாக இருக்கும். கறுப்பும் போடலாம், ஆனால் கேஸில் உள்ள சிறு தேய்மானங்களைக் கறுப்பு எடுத்துக் காட்டும் என்பது என் அபிப்பிராயம். கொக்கி நிக்கல் கலக்காத ஸ்டீலா, டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள். தோலிலும் வியர்வை ஊறும். ராத்திரி கழற்றிக் காற்றாட வையுங்கள்.

மாமாவின் செயினைக் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக் ஜிப் பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ரப்பர் பேண்டு சுற்றாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் மிச்சப் பொன்னையும் கறுக்க வைக்கும். நல்ல நிலையில் இதே மாதிரிச் செயின் இன்னொன்று என்றைக்காவது கிடைத்தால், கண்ணிகளை மாற்றி இரண்டில் ஒன்றை உருப்படியாக்கிவிடலாம். அதற்கு இதன் கொக்கியும் முனைக்கண்ணிகளும் வேண்டும். ஒரு துண்டைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள்.

பட்டை மாட்டும்போது பழைய ஸ்பிரிங் பார்களையே திரும்பப் போட விடாதீர்கள். அறுபது வருடத்தில் அவற்றின் முனை தேய்ந்து, உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். ஒன்று நழுவினால் வாட்ச் தரையில்தான். இரண்டையும் புதிதாக வாங்கி, கொம்பிலுள்ள துளைக்கு முனை சரியாக உட்காருகிறதா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். போட்டதும் தலையைப் பிடித்துப் பட்டையை நன்றாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.